வழக்கமான சத்தம்

மின்விசிறியை நிறுத்திய பிறகும் அது நாலைந்து சுற்று சுற்றித்தான் நின்றது. "இனிமே நாப்பது நிமிஷத்துக்கு யாரும் பேசக் கூடாது. இருமல் வந்தா ஹாலுக்குப் போய் இருமிட்டு வாங்க. போனெல்லாம் அணைச்சுடுங்க," என்று சொல்லிவிட்டு, அரசாங்கத்திலிருந்து சத்தம் அளக்க வந்திருந்த உதவிப் பொறியாளர் அமுதவல்லி, முக்காலியின் மேல் நிறுத்தியிருந்த மீட்டரின் பொத்தானை அழுத்தினார். சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. முதல் பத்து நிமிஷம் பாட்டு எதுவும் இருக்காது, தெருச் சத்தம் மட்டும் எவ்வளவு என்று பார்ப்பதற்கு. நாலரைக்குப் பக்கத்துப் பாட்டு மேடையில் நெல்சன் வாசிக்க ஆரம்பிப்பான், ஐந்துக்கு நிறுத்துவான். வழக்கமாக வைக்கிற சத்தத்தில்தான் வாசிக்க வேண்டும் என்று இரண்டு தரப்பும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. அறையில் நாலு பேர் இருந்தார்கள். கட்டில் ஓரமாக அமுதவல்லி நாற்காலி போட்டு உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்துக்கொண்டார். அடுக்குமாடியைக் கட்டிய கம்பெனியின் பராமரிப்பு மேனேஜர் கிரிதரன் ஜன்னலோரம் நின்றார். அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் அனுசுயா, ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்க்கும் நர்ஸ், தூக்கம் கலையாத முகத்தோடு கதவில் சாய்ந்துகொண்டிருந்தாள். தமீமுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்தது. ஒன்பது வருஷமாக அவன் பக்கத்தில் 'பட்டறை' என்கிற அந்தப் பாட்டு மேடையை நடத்துகிறான், இந்தக் கட்டடம் வந்து மூன்று வருஷமாகிறது, ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்வது இதுதான் முதல் தடவை. ஸ்டூல் கொஞ்சம் ஆடியது. காலை மாற்றிப் போட்டால் கிரீச்சிடும், கிரீச்சிட்டால் அதுவும் மீட்டரில் ஏறும் என்று அசையாமல் இருந்தான்.

பேச்சு நின்றதும் தமீமின் காதுக்குள் இருந்த அந்தச் சத்தம் வெளியே வந்தது. எப்போதும் இருப்பதுதான், இடது காதில், பழைய டிவியைப் போட்டால் படம் வருவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி மெல்லிய ஒரு கீச்சு. பகலில் தெரியாது. பட்டறையில் தெரியவே தெரியாது. இப்படி நாலு பேர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் மட்டும் தெரியும். மீட்டருக்கு இது கேட்குமா என்று நினைத்தான், உடனே என்ன பைத்தியக்கார நினைப்பு என்றும் நினைத்தான். வீட்டில் மனைவி ஷமீமா இப்போதெல்லாம் அவனுக்கு வலது பக்கம் வந்துதான் பேசுகிறாள். சாப்பிடும்போதும் வலது பக்கம்தான் உட்காருகிறாள். முன்னால் இடது பக்கம் உட்காருவாள், அவனுக்கு நன்றாக நினைவிருக்கிறது. இல்லை, ஃபேன் காற்று அந்தப் பக்கம் வருகிறது என்பதற்காக மாறியிருக்கலாம். ஃபேன் ஹாலின் நடுவில்தான் இருக்கிறது, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரே காற்று. அப்படியானால் எதற்கு மாறினாள்? கேட்டுவிடலாம், கேட்டால் அவள் சொல்லிவிடுவாள், அதற்காகவே கேட்கவில்லை. அசோக் நகரில் காது பார்க்கிற இடத்துக்கு ஒரு தடவை போனான். டோக்கன் பதினாலு. பன்னிரண்டைக் கூப்பிட்டபோது எழுந்து வெளியே வந்து டீ குடித்தான், டீக்குப் பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போய்விட்டான். அன்றைக்கு, நிகழ்ச்சிக்கு முன்னால் ஒலியைச் சரிபார்க்கிற சவுண்ட் செக் இருந்தது, தாமதமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சவுண்ட் செக் சாயந்திரம் நாலு மணிக்கு. காலையில் பதினோரு மணிக்கு அவன் அங்கே போய் என்ன செய்தான் என்று இப்போது யோசித்தால் நினைவில்லை. கேபிள் சுருட்டியிருப்பான். இருபத்தாறு வருஷமாக மேடைச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் உட்கார்ந்திருக்கிறவன், முதலில் மெல்லிசைக் குழுக்களோடு கல்யாணம், கோயில் திருவிழா, கட்சி மாநாடு என்று சுற்றியவன், அவனிடம் போய் ஒரு பெண் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் சார் என்று சொல்வாள். கையைத் தூக்கவேண்டிய இடத்தில் தூக்காமல் உட்கார்ந்திருப்பான். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ குறித்துக்கொள்வாள்.

கட்டில் அறையின் நடுவில் கிடந்தது. அதை வந்தவுடனேயே கவனித்தான், ஆனால் இப்போதுதான் அது வினோதமாகப் பட்டது. பத்துக்குப் பதினொன்று அறையில் யாராவது கட்டிலை நடுவில் போடுவார்களா? இரண்டு பக்கமும் ஒருக்களித்து நடக்கவேண்டியிருக்கிறது. பீரோ கதவு பாதிதான் திறக்கும். ஆணியில் வெள்ளை யூனிஃபார்ம் தொங்கியது, பக்கத்தில் பேனாவால் வட்டம் போட்ட டூட்டி அட்டவணை. ஜன்னல் இடுக்குகளில் பழைய புடவையைக் கிழித்துத் திணித்து வைத்திருந்தாள். நீங்கள் தூங்கும்போது அறை எப்படி இருக்குமோ அப்படியே இருக்கட்டும் என்று அமுதவல்லி சொன்னதால் அதை யாரும் எடுக்கவில்லை. தமீம் தரையைப் பார்த்தான். சுவரோரம், டைல்ஸில், கட்டிலின் நாலு கால்களின் துரு வட்டங்கள் இருந்தன. சுவரோரம் இருந்த கட்டிலை நகர்த்தி நடுவில் போட்டிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்பதடி சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் பட்டறையின் பின்சுவர், பின்சுவர்ப் பக்கம், தாழ்ந்த இடிச் சத்தத்தை எழுப்புகிற நாலு பேஸ் ஸ்பீக்கர் பெட்டிகள். அவன் கண்ணை எடுத்துக் கதவைப் பார்த்தான், அனுசுயா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமெல்லாம் இல்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்கள் எதையாவது பார்க்கிற பார்வை, அவ்வளவுதான். அவன் மறுபடியும் துரு வட்டங்களைப் பார்த்தான். அதைப் பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தான்.

நாங்கள்தான் முதலில் வந்தோம். இதை அவன் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான், பத்திரிகைக்காரர்களிடம், போனில் படம் பிடிக்க வந்த கல்லூரிப் பிள்ளைகளிடம், போலீஸ் ஸ்டேஷனில், கவுன்சிலர் வீட்டு வாசலில். சொல்லிச் சொல்லி அது பல்லவி மாதிரியே ஆகிவிட்டது, ஆரம்பித்தால் தானாக வரும். இந்தத் தெருவில் முன்னால் முழுக்க லேத்தும் வெல்டிங்கும்தான். பட்டறை என்பதே பஸ்ஸுக்கு பாடி கட்டுகிற பட்டறையாக இருந்ததுதான், மூடிக் கிடந்ததை அவனும் நெல்சனும் வாடகைக்கு எடுத்து, மேடை போட்டு, பெயரையும் மாற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள். நூற்று எண்பது பேர் நிற்கலாம், பகலில் ஒத்திகை, சாயந்திரம் நிகழ்ச்சி. வேறெங்கும் மேடை கிடைக்காதவர்கள் வந்தார்கள். கானா பாடுகிறவன் கிதார்க்காரனோடு வந்தான். பறையும் கீபோர்டும் ஒன்றாக ஏறின. சொந்தமாகப் பாட்டெழுதிச் சொந்தமாக மெட்டுப் போட்டவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அங்கே வாசித்திருக்கிறார்கள். அப்போது இது தொழில் பகுதி, எழுபத்தைந்து டெசிபல் சத்தம் வரை யாரும் கேள்வி கேட்க முடியாது. பிறகு கம்பெனி வந்தது. அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்கினார்கள், பதினோரு மாதம், காலை ஏழிலிருந்து சாயந்திரம் ஆறு வரை டங் டங் என்று. பட்டறையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இரண்டு ஷீட் விரிசல் விட்டது. அப்போது யாரும் மீட்டர் கொண்டுவரவில்லை. இதே கிரிதரன் தீபாவளிக்கு ஸ்வீட் டப்பாவோடு வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க பாய், பக்கத்துப் பக்கத்துல இருக்கப்போறோம்," என்றார். ஸ்வீட் நன்றாகத்தான் இருந்தது. வீடு விற்க அவர்கள் அடித்த வண்ணப் புத்தகத்தில் கிதாரோடு ஒரு பெண் நிற்கிற படம், கீழே, நடந்து போகிற தூரத்தில் இசை நிகழ்ச்சிகள் என்று போட்டிருந்தார்கள். அந்தப் புத்தகத்தை நெல்சன் இன்னும் வைத்திருக்கிறான். பதினாலு மாடியும் நிறைந்தபின் தெரு குடியிருப்புப் பகுதியாக மாறியது, எழுபத்தைந்தாக இருந்த அளவு ஐம்பத்தைந்தானது. பட்டறை இருக்கிற மனைதான் கம்பெனியின் இரண்டாவது கட்டடத்துக்கு வேண்டியிருந்தது. மனைக்காரர் தணிகாசலம் கெட்டவர் இல்லை. சத்தக் கேஸ் ஒழுங்காக முடிந்தால் நீ இரு தமீம், முடியாவிட்டால் எனக்கு வேறு வழியில்லை, அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். ஐம்பத்தைந்து. எல்லாம் கடைசியில் இந்த அறையில் வந்து நிற்கிறது, இந்த முக்காலியில், அதன் தலையில் இருக்கிற கறுப்பு ஸ்பாஞ்சு உருண்டையில்.

அதனால்தான் இரண்டு பெட்டியை அணைக்கச் சொன்னான். நாலு பேஸ் பெட்டியில் பின்சுவரை ஒட்டியிருக்கிற இரண்டு. வயரைப் பிடுங்கவில்லை, பிடுங்கினால் யாராவது வந்து பார்த்தால் தெரிந்துவிடும், ஆம்பிளிஃபயரில் மட்டும் அந்த வரிசையின் சத்தத்தை முழுக்க இறக்கச் சொன்னான். நெல்சன் ஒன்றும் கேட்கவில்லை, சரி என்றான். ஒரு பெட்டிக்கு இரண்டு பெட்டி வைத்தால் மூன்று டெசிபல் கூடும், இரண்டுக்கு நாலு வைத்தால் இன்னொரு மூன்று. தொழில் தெரிந்தவனுக்கு இது வாய்ப்பாடு. அந்த மூன்றை மட்டும்தான் எடுத்திருக்கிறான், பெரிய திருட்டு ஒன்றும் இல்லை. தூண் இறக்கினவர்கள் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டிருக்கிறோமே என்று ஒரு பக்கம் வந்தது. போட்டால் என்ன, அவர்கள் போடாத கையெழுத்தா? கிரிதரனுக்குச் சந்தேகம் இருக்கும், ஆனால் அவர் இந்த அறையில் தூங்கினவர் இல்லை. அமுதவல்லிக்கும் தெரியாது, அவர் இன்றைக்குத்தான் வருகிறார். தெரியக்கூடியது அந்தப் பெண் ஒருத்திக்குத்தான். மூன்று வருஷமோ இரண்டு வருஷமோ, அந்தச் சுவரோரம் தலை வைத்துப் படுத்தவள். முதல் அடி விழுந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும், இது குறைவு என்று. தெரிந்தால் வாயைத் திறந்து சொல்லவேண்டியதுதானே பாக்கி. நாற்பது நிமிஷம் யாரும் பேசக்கூடாது என்பது இப்போதைக்கு நல்லதாகப் போயிற்று, ஆனால் நாற்பத்தொன்றாவது நிமிஷம் என்று ஒன்று இருக்கிறது. வியர்வை முதுகில் இறங்கியது. கடிகாரத்தில் நாலு இருபத்தொன்பது. அதன் முள் நகர்கிற டிக் டிக் அவனுக்குக் கேட்கவில்லை. சில கடிகாரங்களில் சத்தமே இருக்காது, ஓடும்போது முள் வழுக்கிக்கொண்டு போகும். இந்த முள் விட்டு விட்டுத்தான் நகர்ந்தது.

நாலரைக்கு ஆரம்பித்தது. முதலில் காதுக்கு வரவில்லை, ஸ்டூலுக்கு வந்தது. உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு சின்ன அதிர்வு, பிறகு தும், தும், தும். நெல்சனின் பேஸ் கிதாரும் டிரம்ஸில் காலால் மிதிக்கிற அடியும். இரண்டு பெட்டி குறைத்தே இப்படி இருக்கிறது. கட்டில் சட்டத்தின்மேல் கிடந்த ஹேர்பின் ஒன்று லேசாக நடுங்குவதைப் பார்த்தான், இல்லை, நடுங்குகிறது என்று நினைத்தான், பார்த்துக்கொண்டே இருந்தால் எல்லாமே நடுங்குவதுபோல்தான் இருக்கும். எந்தப் பாட்டு என்று அவனுக்குத் தெரியும், வரிசை போட்டுக் கொடுத்தவனே அவன்தான். முதல் பாட்டு பிருந்தா பாடுவது, தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிற பாட்டு. நடுவில் அவள் குரல் மேலே ஏறி ஒரு இடத்தில் நிற்கும், பட்டறையில் அந்த இடத்தில் கூட்டம் முழுக்க ஒரு நொடி பேசாமல் இருக்கும். இங்கே குரலே இல்லை. தும், தும். ஒன்பது வருஷப் பாட்டும் இந்தப் பக்கம் வந்து சேரும்போது இதுவாகத்தான் ஆகியிருக்கிறது. எழுதினவன் பேர் இல்லை, வார்த்தை இல்லை, வெறும் குத்து. அடுத்த வீட்டில் யாரோ நிறுத்தாமல் மிளகாய் இடிக்கிற மாதிரி. இதற்குத்தான் கட்டிலை நகர்த்தினாள். சுவர் குரலை நிறுத்திவிடும், பேஸை நிறுத்தாது, அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எட்டங்குல ஹாலோ பிளாக் கல், நடுவில் காற்று, கம்பெனிக்காரன் மலிவாகக் கட்டியிருக்கிறான், குரல் எப்படி வரும்? வரும். ஹாலோ பிளாக்கில் கொஞ்சம் வரத்தான் செய்யும். சந்து ஒன்பதடிதான், பட்டறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ், இங்கே ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், புடவைத் துணி. பிருந்தாவின் குரல் கொஞ்சமாவது வந்தாகவேண்டும். அவன் தலையை மெதுவாகத் திருப்பி வலது காதைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனான். தும், தும், தும். அதற்கு மேலே, தூரத்தில், ஏதோ இருக்கிறதா? இல்லை. அது அவன் காதுக்குள் இருக்கிற கீச்சு. சுவர் நிறுத்துகிறதா, தான் நிறுத்திக்கொண்டுவிட்டோமா? யாரையாவது கேட்டால் தெரிந்துவிடும். கேட்கக் கூடாது. அமுதவல்லி முகத்தைப் பார்த்தான், அவர் மீட்டர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிரிதரன் அணைத்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தைப் பார்த்துச் சத்தத்தைக் கண்டுபிடிப்பது அவனுக்குப் பழகிப்போன காரியம்தான். போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, கூட்டம் நிறைந்து நின்றபோது, முன் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் கையைத் தூக்கிக் காதைப் பொத்திக்கொண்டது. எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. ஒரு நொடி, ஒன்றரை நொடி. பிறகுதான் மைக் வீறிடுகிறது என்று உறைத்தது, மிக்ஸரில் ஏறியிருந்த விளக்கைப் பார்த்து, சத்தத்தைக் குறைக்க ஃபேடரைக் கீழே இழுத்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், யாரும் தூங்கிவிடக் கூடாதென்று பார்த்தேன் என்று மைக்கில் சொன்னான். அன்றையிலிருந்து கண்ணால்தான் மிக்ஸ் செய்கிறான், விளக்கு எத்தனை ஏறுகிறது, முகம் எப்படி இருக்கிறது. முகம் சரியாக இல்லாவிட்டால் கொஞ்சம் கூட்டுவான். கூட்டினால் அவனுக்குச் சரியாக இருக்கும். அவனுக்குச் சரியாக இருந்தால்...

அந்த நினைப்பு அங்கே நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு வேறு எங்காவது போகலாம் என்று பார்த்தான், தணிகாசலம், தூண், ஸ்வீட் டப்பா, எல்லாம் இருந்தன, ஆனால் எதுவும் பிடி கொடுக்கவில்லை. பட்டறை ஆரம்பித்தபோது பேஸ் பெட்டி இரண்டுதான். நன்றாகவே இருந்தது, ஆறு வருஷம் இரண்டிலேயே ஓடியது. இன்னும் இரண்டு வாங்கியது எப்போது? மூன்று வருஷம் முன்னால். கூட்டம் அதிகமாகிவிட்டது, பின்னால் நிற்பவர்களுக்குச் சேரவில்லை என்று சொல்லி வாங்கினான். பின்னால் நிற்பவர்கள் யார் வந்து சொன்னார்கள்? ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. கூட்டத்துக்குப் பின்னால், மேடைக்கு எதிர்ச்சுவரோரம், மிக்ஸருக்கு முன்னால் நிற்பவன் அவன்தான். கட்டடம் வந்ததும் மூன்று வருஷம் முன்னால்தான், அதனால் எல்லாம் ஒன்றாகக் கலந்துபோய்விட்டது. நாங்கள் முதலில் வந்தோம், அது பொய் இல்லை. தூண் இறக்கியது பொய் இல்லை, மனைக்குக் கண் வைத்திருப்பதும் பொய் இல்லை. ஆனால் அவர்கள் வந்தபிறகு சத்தம் கூடியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு விளக்கு, அரை விளக்கு, அவன் கைதான் ஏற்றியிருக்கிறது. எதிரி ஒருவன் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்ததால் அவன் தன் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. யாராவது சத்தம் அதிகம் என்று சொன்னால், நீ கம்பெனி ஆளா என்று கேட்டிருக்கிறான். நிஜமாகவே ஒருவனை அப்படிக் கேட்டு, அவன் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். தும், தும் என்று நாலாவது பாட்டு போய்க்கொண்டிருந்தது. அல்லது ஐந்தாவதா? இந்தப் பக்கத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோல் இருந்தன.

ஐந்து மணிக்கு நின்றது. அமுதவல்லி பொத்தானை அழுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எண்ணைப் பார்த்தார். "சராசரி ஐம்பத்தி நாலு," என்றார்.

கிரிதரன் ஜன்னலை விட்டு ரெண்டடி முன்னால் வந்தார். "மேடம், இது வழக்கமான சத்தம் இல்ல. நிச்சயமா கொறச்சிருக்காங்க. மத்த வீட்டுக்காரங்க எழுதிக் கொடுத்ததெல்லாம் இருக்கு. இவங்களையே கேளுங்க, இவங்கதான் இந்த ரூம்ல தூங்கறவங்க."

அமுதவல்லி கதவுப் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா. தினம் இப்படித்தான் இருக்குமா?"

அனுசுயா கட்டிலைப் பார்த்தாள், பிறகு தமீமைப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு ஒரு மாதிரி இருக்கும் மேடம்," என்றாள். "நான் டூட்டி முடிச்சு வந்து தூங்கிட்டிருப்பேன். இவ்வளவுன்னு எனக்குச் சரியா சொல்லத் தெரியல."

"கட்டில் அதிருதுன்னு என்கிட்ட சொன்னீங்களேம்மா," என்றார் கிரிதரன்.

"சொன்னேன். லிஃப்ட் ஓடினாலும்தான் அதிருது. அதையும் உங்ககிட்ட சொன்னேன்."

அமுதவல்லி சிரிக்காமல் எழுத ஆரம்பித்தார். முடிந்துவிட்டது என்று தமீமுக்குத் தெரிந்தது. ஐம்பத்தி நாலு. தணிகாசலத்திடம் இந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். ஸ்டூலைவிட்டு எழுந்தவன் கதவுப் பக்கம் போய், தாழ்ந்த குரலில், "ஏம்மா, பாட்டு ஏதாவது காதுல விழுந்துச்சா? வார்த்தை, குரல், அந்த மாதிரி?" என்று கேட்டான்.

"விழுந்துச்சே அண்ணே. அந்தப் பொண்ணு பாடினதுதானே? தண்ணி லாரி, குடம், என்னமோ வந்துச்சு." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "இன்னிக்கு நல்லாக் கேட்டுச்சு. மத்த நாள்ல இடிதான் கேக்கும், பாட்டு கேக்காது."

அவன் தலையை ஆட்டினான். இரண்டு தடவை ஆட்டினான் என்று நினைக்கிறான். கேட்டிருக்கிறது. சுவர் நிறுத்தவில்லை. ஹாலோ பிளாக்கைத் தாண்டி, புடவைத் துணியைத் தாண்டி, குடம் என்கிற வார்த்தை வரைக்கும் வந்து சேர்ந்து, தூக்கக் கலக்கத்தில் நின்றவளுக்குக் கேட்டிருக்கிறது. அரை மணி நேரமும் அதற்காகவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குக் கேட்கவில்லை. இரண்டு பெட்டி போதும் என்பதும் அதில் இருந்தது. இரண்டு பெட்டியில் பாட்டு பாட்டாகப் போகிறது, நாலு பெட்டியில் இடியாகப் போகிறது, சரியான காது இருக்கிற யாரும் முதல் நாளே இதைச் சொல்லியிருப்பார்கள். அவனுக்குப் பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தான். டோக்கன் பன்னிரண்டில் எழுந்து ஓடியபோது இருந்த அந்தப் பயம். அது இல்லை. பல்லைப் பிடுங்கிப் போட்ட பிறகு நாக்கு அந்தக் குழியைத் தடவிப் பார்க்கிற மாதிரி மனசு அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மேடம்," என்றான். "எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு. இது வழக்கமான சத்தம் இல்ல. ரெண்டு பெட்டிய அணைச்சு வெச்சிருக்கேன். அதையும் போட்டா ஐம்பத்தேழு வரும், மேலயும் போகும்."

அமுதவல்லியின் பேனா நின்றது. கிரிதரன் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை, கொஞ்சம் எரிச்சல்தான் தெரிந்தது, தான் கண்டுபிடிக்கவேண்டியதை இவன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான் என்பதுபோல.

"நான் உங்களைக் கேக்கவே இல்லையே பாய்," என்றார் அமுதவல்லி.

"கேக்கல. ஆனா இனிமே ரெண்டு பெட்டிதான் ஓடும். இன்னிலேர்ந்து இதுதான் வழக்கம். அப்படி எழுதிக்க முடியுமா?"

"இதுல அப்படியெல்லாம் இடம் கிடையாது. நேத்து என்ன, இன்னிக்கு என்ன, அவ்வளவுதான்." அவர் எழுதியதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். "இந்த அளவு செல்லாது. இந்த மாசத்துக்குள்ள ஒருநாள் வருவேன். உங்களுக்கும் சொல்ல மாட்டேன், இவருக்கும் சொல்ல மாட்டேன். வர்ற அன்னிக்கு என்ன இருக்கோ அதுதான். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

போட்டார்கள். அனுசுயா ஃபேனைப் போட்டாள்.

படிக்கட்டில் இறங்கி, சந்தைச் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வரும்வரை, தணிகாசலத்திடம் என்ன சொல்வது என்று யோசித்தான். இருந்த ஒரு தாளையும் தானே அடிக்க வைத்தாயிற்று. ஒரு மாதம் இருக்கிறது. முப்பது நாளும் இன்றைக்குப் போலவே இருந்தால் ஐம்பத்தி நாலு, அதில் ஒருநாள் மிக்ஸரில் கை சத்தத்தை ஏற்றினால் முடிந்தது. அந்தக் கை தன்னுடையது என்பதால் அதில் பந்தயம் கட்ட முடியாது. நெல்சன் மேடையின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான், பிருந்தா மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தமீம் நடந்ததைச் சொன்னான், எண்ணிலிருந்து ஆரம்பித்து.

"ஐம்பத்தி நாலு வந்துச்சு," என்றான் நெல்சன். "வந்தப்புறம் நீயா வாயைத் தொறந்து சொன்ன."

"ஆமா."

"ஏன் பாய்?"

தமீம் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். "எனக்குக் காது போச்சு நெல்சா. இடது பக்கம் மொத்தமாப் போச்சுன்னு நினைக்கிறேன், வலதும் சரியில்ல. பிருந்தா பாடினது அந்த ரூம்ல எல்லாருக்கும் கேட்டுருக்கு, எனக்குக் கேக்கல. மூணு வருஷமா சத்தத்த ஏத்தினது நான்தான். இனிமே மிக்ஸர்ல நான் உக்காரல. பிருந்தா உக்காரட்டும், அவளுக்கு வேலை தெரியும்."

நெல்சன் இடது காதிலிருந்து ஒன்று, வலது காதிலிருந்து ஒன்று என்று உருட்டி வைத்த பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். பிருந்தாவும் வயரைக் கீழே வைத்துவிட்டு, தலைமுடியை ஒதுக்கித் தன் பஞ்சை எடுத்தாள். டிரம்ஸ் பக்கம் இருந்தவனும் எடுத்தான்.

"ரெண்டு வருஷமா இப்படித்தான் வாசிக்கிறோம்," என்றான் நெல்சன்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னோம் பாய். நான் சொன்னேன், இவ சொன்னா. உன் இடது பக்கம் நின்னு சொன்னோம் போல இருக்கு."

தமீமுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் வேறு ஏதோவாக மாறப் பார்த்தது, அதற்குள் எழுந்துவிட்டான். பின்சுவரோரம் போய் அந்த இரண்டு பெட்டிகளின் வயரையும் கையால் பிடுங்கினான். ஒரு பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும். நாலு பேரும் பிடித்து ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய்த் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். சுவரோரம் பெட்டிகள் நின்ற இடத்தில் நாலு நாலாக எட்டு ரப்பர் கால் தடம் இருந்தது. ஆறு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தமீம் மிக்ஸருக்குப் போகவில்லை, வாசலில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தான். ஏழு மணி டூட்டிக்குக் கிளம்பிய அனுசுயா கேட்டைத் தாண்டிப் போகும்போது அவனைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவன் வலது காதைத் திருப்பி, "என்னம்மா? கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க," என்றான்.